எடை மெஷினுக்கும் டீக்கடைக்கும் நடுவில்

மே 9

இந்த டைரி அம்மாவின் வக்கீல் மரகதம் மேடம் கொடுத்தது. வருஷா வருஷம் ஜனவரியில் அம்மாவுக்கு ஒன்று கொடுப்பார். அம்மா அதில் பால் கணக்குக்கூட எழுதியதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மனுதாரர், எதிர்மனுதாரர், அடுத்த வாய்தா என்று கட்டம் போட்டிருக்கிறது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நான் எடுத்துக்கொண்டேன். வக்கீலாகப் போகிறவள் இப்போதே பழகட்டும்.

வழக்கு: காந்திமதி எந்தச் சட்டக் கல்லூரியில் சேருவது?

மனுதாரர்: அம்மா. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 

எதிர்மனுதாரர்: அப்பா. சென்னையில் லாரி புக்கிங் ஆபீஸில் மேனேஜர். 

வாய்தா: கவுன்சிலிங் அன்றைக்கு.

இந்தத் தடவை ஜட்ஜ் நான்தான். போன தடவை அந்த நாற்காலியில் வேறொரு அம்மா இருந்தார். என் ஒன்பது வயதில் ஆரம்பித்துப் பன்னிரண்டு வயது வரை, "பிள்ளை எனக்குத்தான்" என்று இரண்டு பேரும் குடும்ப நீதிமன்றத்தில் மல்லுக்கட்டினார்கள். ஜட்ஜ் அம்மா என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, ஒரு சாக்லேட்டும் கொடுத்து, "யாரோட இருக்கப் பிரியப்படுறே?" என்று கேட்டார். "ரெண்டு பேரோடயும்" என்றேன். "அப்படி ஒரு பதில் கிடையாதேம்மா" என்று அவர் சொன்னார். நல்ல மனுஷி, முகம் வாடித்தான் சொன்னார். அப்படி ஒரு பதில் ஏன் கிடையாது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் சட்டம் படிக்கிறேன். இன்டர்வியூவில் கேட்டால் இதைச் சொல்ல மாட்டேன், சமூக நீதி என்று ஏதாவது சொல்லிக்கொள்வேன்.

மே 14

மரகதம் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். "செலவு, ஊரு, பொழப்பு. இந்த மூணையும் தராசுல வை. மனச வைக்காத" என்றார்.

வைத்தேன்.

அரசுக் கல்லூரி எதுவானாலும் ஃபீஸ் சொற்பம். செலவெல்லாம் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும்தான். நெல்லையில் சேர்ந்தால் அம்மாவோடு வீட்டிலேயே இருக்கலாம். சென்னையில் சேர்ந்தால் அப்பா வீடு. அதனால் செலவில் இரண்டும் சமம். பிழைப்பு என்று பார்த்தால் சென்னையில் ஹைகோர்ட் இருக்கிறது, பெரிய பெரிய வக்கீல் ஆபீஸ்கள் இருக்கின்றன, கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்கிறார்கள். நெல்லையில் மரகதம் மேடத்திடமே ஜூனியராகச் சேரலாம், முதல் நாளிலிருந்தே கட்சிக்காரர் அழுவதைப் பார்க்கலாம். தனியார் கல்லூரி ஒன்றின் ஃபீஸைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒப்புக்கு மூன்றாவதாகத் திருச்சியையும் எழுதினேன். ஹாஸ்டல் செலவு உண்டு. சொந்தக்காரர் ஒருவரும் கிடையாது. சென்னை அளவுக்கு வாய்ப்பும் இல்லை, மரகதம் மேடமும் இல்லை. மூன்றிலும் தோல்வி என்று அடித்துவிட்டேன்.

ஆனால் என் கவலை இந்தத் தராசில் நிற்கிற கவலை இல்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் முகம் எப்படிப் போகும்? மறுபடியும் கோர்ட்டில் தோற்ற மாதிரிதானே அவருக்கு இருக்கும்? அதை நினைத்தால் இட்லி இறங்கவில்லை.

மே 15

அப்பா போன் செய்தார். அப்பாவுக்கு நான் காந்தி, அம்மாவுக்கு மதி. பெயரைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"காந்தி, நல்லா யோசிச்சேன்மா. நெல்லையிலயே சேந்துரு. நல்ல காலேஜ். அங்க படிச்சவங்க எத்தனை பேரு ஜட்ஜா இருக்காங்க தெரியுமா? மெட்ராஸ்ல வெயில், தண்ணிக் கஷ்டம், பஸ்ல நிக்கக்கூட எடம் கெடையாது."

"உங்களுக்குப் பரவால்லையாப்பா?"

"எனக்கு என்னம்மா, நீ நல்லாருந்தா போதும்."

மூன்று வருஷம் எனக்காகச் சண்டை போட்ட மனுஷர். தன் ஆசையை விழுங்கிக்கொண்டு அம்மாவிடமே இரு என்கிறார். என்ன மனசு!

மே 27

இன்றைக்கு அம்மாவும் அதையேதான் செய்தாள், எதிர்த் திசையில்.

"மதி, நீ மெட்ராஸுக்கே போயிரு. ஹைகோர்ட்டு அங்கதான இருக்கு. இங்கன கெடந்து என்னத்தக் காணப்போற? படிக்கிற பிள்ளைக்கு அந்த ஊருதான் லாயக்கு."

"அப்ப நீ தனியா இருப்பியேம்மா?"

"எனக்கென்னட்டி, நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்தாள். விட்டுக்கொடுப்பதென்றால் லேசா? சாயங்காலம் டவுனுக்குப் போய்ப் பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கி வந்தாள். சிவப்பு நிறம், நான்கு சக்கரம், நம்பர் பூட்டு. எதற்கு இவ்வளவு பெரியது என்று கேட்டதற்கு, "வெளியூரு போனா வேணும்லா" என்றாள். இன்னும் கல்லூரியே முடிவாகவில்லை, அதற்குள் எனக்குப் பெட்டி!

இரண்டு பேரும் இப்படி மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தால் ஜட்ஜ் எப்படித் தீர்ப்புச் சொல்லுவது?

ஜூன் 8

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. அரிசி களைந்து போட்டேன், மாவு அரைத்தேன், கேஸ் புக் செய்தேன்.

வீட்டுக்காரர் யாரோ ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளையடிக்கப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றாள் அம்மா. வெள்ளையடிக்க வந்தவர் சமையலறையில் நின்று, "ஃபிரிட்ஜ இந்த மூலையில வச்சுக்கிடலாம்" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். பெயிண்டருக்கு எதற்கு ஃபிரிட்ஜ் கவலை? ஊர் உலகத்தில் எல்லாரும் அடுத்தவர் வீட்டுக்கு யோசனை சொல்லுகிறார்கள்.

ஜூன் 21

அப்பா பேசும்போது பின்னால் டமால் டமால் என்று சத்தம். என்னப்பா என்றேன். சின்ன ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம்.

சின்ன ரூம் என்றால் லீவுக்குப் போகும்போது நான் படுக்கிற அறை. பழைய பேப்பர் கட்டும் இஸ்திரிப் பலகையும் கிடக்கும். என் ஒருத்திக்கு மட்டும் அங்கே பாய் விரிக்க இடம் இருக்கும்.

"என்ன கலர்ப்பா?"

"லைட் மஞ்சள்மா. ஹேமா செலக்ட் பண்ணா."

ஹேமா சித்தியை அப்பா கல்யாணம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு மஞ்சள் பிடிக்காது, நீலம்தான் பிடிக்கும். அப்பாவுக்கு அது தெரியும், சித்திக்குத் தெரியாது. போகட்டும். வாயால் நெல்லையில் சேர் என்று சொல்லிக்கொண்டே எனக்காக அறையைத் தயார் செய்கிறாரே, அதுதான் விஷயம். இன்றைக்குத் தராசு சென்னைப் பக்கம் சாய்ந்துவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்லப்போகிறேன்?

ஜூலை 1

ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது. எனக்கு நல்ல ரேங்க். சென்னையும் கிடைக்கும், நெல்லையும் கிடைக்கும்.

அம்மா டூட்டிக்குப் போயிருந்தபோது, என் துணிகளை வைத்துப் பார்க்கலாம் என்று சிவப்புப் பெட்டியைத் திறந்தேன். பாதி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, அப்பளக் கட்டு, மோர் மிளகாய், அடியில் முழுக்கை வைத்த வெள்ளை யூனிஃபார்ம் நான்கு செட். பொடியெல்லாம் எனக்காக இருக்கும், ஹேமா சித்தி சாம்பாரில் வெல்லம் போடுவாள் என்று அம்மாவிடம் ஒரு தடவை சொல்லியிருந்தேன். யூனிஃபார்ம் பீரோவில் இடமில்லாமல் இங்கே வைத்திருப்பாள்.

பீரோவைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது.

என் துணிகளைத் திரும்ப எடுத்து மடித்து வைத்தேன்.

ஜூலை 11

நாளைக்குக் கவுன்சிலிங், அதற்காகச் சென்னை. அம்மா தாம்பரத்தில் ஒரு சிநேகிதி வீட்டில் இறங்கிக்கொண்டாள். நான் அப்பா வீட்டில்.

கதவைத் திறந்தது ஹேமா சித்தி. "வாம்மா, களைச்சுப் போயிருப்பே, உக்காரு" என்றாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஏழாம் மாதமாம், போன வாரம்தான் வளைகாப்பு நடந்ததாம். "உங்கப்பா சொன்னாரு இல்லே?" என்று கேட்டாள்.

"சொன்னார் சித்தி" என்றேன். அப்பாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சின்ன ரூம் பளிச்சென்று இருக்கிறது. ஃபேனை ஓரத்துக்கு மாற்றிவிட்டு, கூரையின் நடுவில் தொட்டில் கொக்கி மாட்டியிருக்கிறார்கள். எனக்கு ஹாலில் பாய் போட்டார்கள்.

ஜூலை 12

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொண்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கவுன்சிலிங் ஹாலுக்கு வெளியே மரத்தடியில் நீளமாக நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா ஓரத்தில் உட்கார்ந்தாள், அப்பா ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார், நடுவில் நான். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் இவ்வளவு பக்கத்தில். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

அப்பாதான் ஆரம்பித்தார். என்னிடம் பேசுவது போல, அம்மாவுக்குக் கேட்கும்படி. "காந்தி, நெல்லைன்னு சொல்லிரும்மா. அம்மா கூட இருக்கறதுதான் பொம்பளப் புள்ளைக்கு நல்லது."

அம்மாவும் என்னைப் பார்த்தே சொன்னாள். "மதி, மெட்ராஸுன்னு சொல்லு. அப்பன்னு ஒருத்தர் இருக்காருல்லா, அவரும் கொஞ்ச நாளு பாக்கட்டும்."

"கொஞ்ச நாள்னா? அஞ்சு வருஷம்" என்றார் அப்பா.

"நான் எட்டு வருஷம் பாக்கலையோ?"

அதன் பிறகு என்னை விட்டுவிட்டார்கள். நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள்.

"எனக்கு ஆகஸ்ட் கடைசியில மஸ்கட்டுக்கு டிக்கெட்டு போட்டாச்சு" என்றாள் அம்மா. "ரெண்டு தடவ பரிச்ச எழுதி இப்பத்தான் வேலை கெடச்சிருக்கு. வீட்டையும் காலி பண்ணுதேன்னு சொல்லிட்டேன். இவள நான் எங்கன வைக்க?"

"அத முன்னாலயே சொல்லணும்லா? ஹேமாவுக்கு செப்டம்பர்ல பிரசவம். அவ அம்மா வேற வந்து தங்கப்போறாவ. இருக்கது ரெண்டு ரூம்பு. நான் மட்டும் இவள எங்கன படுக்க வைக்க?"

சென்னைக்குப் போனதிலிருந்து அப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கோபத்தில் தன்னை அறியாமல் நெல்லைத் தமிழ் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசினார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் பழைய வீடு என்றே நினைத்திருப்பேன்.

"எனக்குத்தான் வேணும்னு கோர்ட்டுல அந்தக் கத்து கத்தினீயளே."

"நீ மட்டும் என்ன, பிள்ளையத் தராட்டா செத்துருவேன்னு ஜட்ஜுகிட்ட அழல?"

பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நான் நடுவில் இருப்பதைக் கவனித்தார்கள். அம்மா என் தலையைக் கோதினாள். அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூடியைத் திறக்காமலே நீட்டினார்.

இரண்டு மாதமாக நான் எழுதியதெல்லாம் எவ்வளவு அசட்டுத்தனம்! விட்டுக்கொடுக்கிறார்களாம். பெட்டி எனக்காம், பெயிண்ட் எனக்காம். ஒரு சாட்சியைக்கூடச் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியாதவள் வக்கீலாகப் போகிறாளாம். ஒருவரை நோகடிக்காமல் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தவித்தேனே, இரண்டு பேருமே நோகப்போவதில்லை. தன்னைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் போதும் என்று ஆளுக்கொரு பக்கம் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த ஐயா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நல்ல ரேங்க். சென்னைப் பக்கம் சீட்டு இருக்கு, திருநெல்வேலியிலும் இருக்கு. எது போடட்டும்?" என்றார்.

பின்னால் இரண்டு பேரும் நின்றார்கள்.

"திருச்சி சார்."

"திருச்சியா? அங்கே யாரும் இருக்காங்களா?"

"இல்லை சார்."

அவர் என் தலைக்கு மேலாக அவர்களைப் பார்த்தார். பெற்றவர்கள் ஏதாவது சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் எதிர்பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் ரொம்பவே எதிர்பார்த்தேன்.

"நல்ல ஊருதான்" என்றார் அப்பா.

"மலைக்கோட்டை இருக்குல்லா" என்றாள் அம்மா.

வெளியே வந்ததும், ஹாஸ்டல் செலவு ஆளுக்குப் பாதி என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். கோர்ட், வக்கீல், வாய்தா ஒன்றும் தேவைப்படவில்லை. பிரிந்த பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் காரியம் இது. அப்பா எல்லாருக்கும் கரும்புச் சாறு வாங்கினார். அம்மா வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தாள்.

ஜூலை 13

மரகதம் மேடம் போன் செய்தார். தராசு என்ன சொன்னது என்று கேட்டார். தராசில் தோற்ற ஊரைத்தான் எடுத்தேன் என்றேன்.

ஆகஸ்ட் 4

திருச்சியை ஏன் சொன்னேன் என்று இத்தனை நாளாக எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

லீவு வந்தால் என்னை அப்பாவிடம் அனுப்ப வேண்டும் என்பது தீர்ப்பு. யார் கொண்டுவிடுவது, யார் வந்து கூட்டிப்போவது என்று அதற்கும் ஒரு சண்டை வந்து, வக்கீல்கள் பேசிப் பாதி வழி என்று முடிவு செய்தார்கள். பாதி வழி என்றால் திருச்சி ஜங்ஷன். முதல் பிளாட்ஃபாரத்தில் எடை மெஷின் ஒன்று உண்டு. அம்மா அதுவரைதான் வருவாள். கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை இருந்தது. அப்பா அங்கேயே நிற்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அம்மா கையை விடுவாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து அப்பாவிடம் போவேன். லீவு முடிந்தால் அதே மாதிரி திரும்பி வருவேன். பாதியில் ஓர் இடத்தில் நின்று, ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்வேன். லேஸே இல்லாத செருப்புப் போட்டிருந்தபோதும் குனிந்திருக்கிறேன். அங்கே நின்றால் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா, இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஓர் இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். மரகதம் மேடம் தராசில் வைக்கச் சொன்ன மூன்றில், ஊர் என்பதற்கு நேரே நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்.

இன்று கல்லூரியில் சேர்த்துவிட இரண்டு பேரும் வந்தார்கள். என்னுடையது பழைய நீலப் பைதான். "அந்த செவப்புப் பெட்டிய வேணும்னா நீ எடுத்துக்கிடுதியாட்டி?" என்று அம்மா நேற்றுக் கேட்டாள். கண் கலங்கித்தான் கேட்டாள். அவளுக்கு என் மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "அது மஸ்கட்டுக்கு இருக்கட்டும்மா" என்றேன். ஹாஸ்டலில் கட்டில் காட்டினார்கள், பக்கெட், பூட்டு, பாய் எல்லாம் அப்பா வாங்கிக் கொடுத்தார். கொசுவர்த்திகூட மறக்கவில்லை.

வழியனுப்ப நானும் ஜங்ஷனுக்குப் போனேன். எடை மெஷினை எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் தரையில் நாலு ஓட்டை மட்டும் இருக்கிறது. ஆனால் அம்மா அங்கே வந்ததும் தானாகவே நின்றுவிட்டாள். அப்பாவும் பழக்கதோஷத்தில் டீக்கடைப் பக்கம் போய் நின்றார். நான் நடுவில் நின்றேன்.

குனியவில்லை. நிமிர்ந்துதான் நின்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சென்னை வண்டி முதலில் வந்தது. "காந்தி, பத்திரம்மா" என்று அப்பா அங்கிருந்தே கையை ஆட்டிவிட்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் வண்டி. "மதி, தலைக்கு எண்ண வையி, வெறுந்தலையோட அலையாத" என்று ஜன்னலில் இருந்து சொல்லிக்கொண்டே போனாள். வண்டி மறைந்த பிறகும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகவே அழுதேன். ஒரு போர்ட்டர் வந்து, "வண்டிய விட்டுட்டியா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எந்த வண்டி?" என்றார். இரண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 5

பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் பெயர் சூர்யகலா. அரியலூர்க்காரி. என் பெயரைக் கேட்டுவிட்டு, "காந்திமதி! நல்லாருக்கே" என்று முழுசாகக் கூப்பிட்டாள். முழுப் பெயரில் யாராவது கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று.

"எந்த ஊரு நீ?"

யோசித்தேன். பாளையங்கோட்டை வீட்டில் இந்த மாசக் கடைசியில் வேறொரு ஃபிரிட்ஜ் வந்துவிடும்.

"திருச்சிதான்" என்றேன்.

"அட! உள்ளூர்லயே வீட்ட வச்சுக்கிட்டு எதுக்கு இந்த ஹாஸ்டல் சோறு? வீடு எங்க?"

"ஜங்ஷன் பக்கம்."

"அப்ப ஒரு நாளு என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வரலாம்."

சரி என்றேன்.